பிழைத்தபின் வரும் ஆண்டுகள்: தலை, கழுத்துப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிந்திய ஜீவிதம்

புற்றுநோய் வைத்தியத்தின் வெற்றியை ஆண்டுக் கணக்கால் அளப்பது நெடுநாளைய வழக்கம். நோயாளி ஐந்தாண்டு உயிரோடிருந்தாரா, நோய் திரும்பி வந்ததா என்ற இரண்டு வினாக்களுக்கு விடை கிடைத்துவிட்டால் சிகிச்சையின் கதை முடிந்ததென்றே வைத்திய நூல்கள் கருதி வந்தன. வேறு அவயவங்களில் தோன்றும் புற்றுநோய்க்கு இவ்வழக்கம் ஓரளவு பொருந்தலாம். வாய், நாக்கு, தாடை, தொண்டை, குரல்வளை, மூக்கின் உட்புறம் ஆகிய இடங்களில் தோன்றும் நோய்க்கு அது போதவே போதாதென்பது என் உறுதியான அபிப்பிராயம். சுவாசம், ஆகாரம், வாக்கு, சுவை, மணம், முகத்தின் களை என, மனிதன் மற்ற மனிதரோடு கூடி வாழ்வதற்கு வேண்டிய சாதனங்கள் யாவும் ஒரு சாண் அளவுக்குள் அடங்கிய பிரதேசம் அது. அங்கே கத்தியைச் செலுத்தினாலும், கதிரைச் செலுத்தினாலும், மருந்தைச் செலுத்தினாலும், நோயோடு சேர்ந்து அந்தச் சாதனங்களில் ஏதேனுமொன்று பழுதுபடாமல் போவது அபூர்வம்.

இது நமக்கு நெருங்கிய விஷயமுங்கூட. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் புதிதாக உதடு, வாய்ப் புற்றுநோய் கண்டோர் ஏறக்குறைய 3 லட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களில் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இந்தியாவைச் சேர்ந்தவர்கள். புகையிலை போடுவதும், அதை வெற்றிலை பாக்கோடு சேர்த்து வாயில் அடக்கிக்கொள்வதும், பீடியும், சாராயமும் இதற்கு முக்கிய காரணங்கள் என்பதை நாம் அறிவோம். அறியாதது, அல்லது அறிந்தும் பேசாதது, சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் பத்தாம் ஆண்டில் எவ்வாறு சாப்பிடுகிறார், எவ்வாறு பேசுகிறார், யாரோடு பழகுகிறார் என்பதே.

சஸ்திர சிகிச்சையின் சரித்திரத்தைப் புரட்டினால், இந்தக் கவலை முற்றிலும் புதியதன்று என்று தெரியவரும். 1873ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி வியன்னாவில் தியோடர் பில்ரோத், புற்றுநோய்க்காகக் குரல்வளை முழுவதையும் முதன்முதலாக அகற்றியபோது, அவருடைய சீடரான குஸன்பாவர் அந்த நோயாளிக்காகவே ஒரு செயற்கைக் குரல்வளையைச் செய்து பொருத்தினார். மாதங்கள் சில கழியுமுன் நோய் திரும்பியதாயினும், உயிரைக் காப்பாற்ற எடுத்த அவயவத்தின் தொழிலைத் திருப்பித்தர வேண்டுமென்ற பொறுப்புணர்ச்சி அந்த முதல் சிகிச்சையிலேயே இருந்ததென்பது போற்றத்தக்கது. பின்வந்த தலைமுறையில் அவ்வுணர்ச்சி சற்று மங்கிற்று. 1906இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிரைல் 132 சஸ்திர சிகிச்சைகளின் அனுபவத்தைத் தொகுத்து, கழுத்தின் நிணநீர் முடிச்சுகளைச் சுற்றியுள்ள தசை, சிரை, நரம்பு ஆகியவற்றோடு ஒட்டுமொத்தமாக எடுத்துவிடும் முறையை நிலைநாட்டினார். அதனால் பிழைத்தவர் பலர். ஆனால் தோளைத் தூக்கும் நரம்பும் உடன்போனதால், தலைக்கு மேல் கையை உயர்த்த முடியாமலும், சட்டை மாட்டும்போதெல்லாம் வலியை அனுபவித்தும் அவர்கள் மீதிக் காலத்தைக் கழித்தார்கள். அர்ஜென்டினாவின் ஒஸ்வால்தோ சுவாரெஸ் 1963இல் அந்த நரம்பையும் தசையையும் காப்பாற்றியே முடிச்சுகளை எடுக்கலாமென்று காட்டியதும், இத்தாலியின் எத்தோரே போக்கா அதைப் பரப்பியதும் வரையில், ஏறத்தாழ அறுபதாண்டுகள், வீழ்ந்த தோள் பிழைத்ததற்குக் கொடுக்க வேண்டிய விலை என்றே எண்ணப்பட்டது.

அந்தக் காலத்தில் ஒருவர் இந்த விலையை எவ்வாறு கொடுத்தார் என்பதற்கு உலகறிந்த சாட்சியமொன்று உண்டு. மனோதத்துவ அறிஞரான சிக்மண்ட் பிராய்டுக்கு 1923இல் வாயில் புற்று கண்டது. அவ்வாண்டிலேயே ஹான்ஸ் பிக்லர் என்ற வைத்தியர் மேல்தாடையின் ஒரு பகுதியையும் அண்ணத்தின் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டார். வாய்க்கும் மூக்குக்கும் நடுவே திறந்துவிட்ட வழியை அடைப்பதற்காக ஒரு பெரிய செயற்கை அண்ணத்தைப் பொருத்தினார்கள். வீட்டார் அதற்கு ராட்சசன் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதைப் பொருத்தினால் புண். எடுத்தால் பேச்சுமில்லை, உணவுமில்லை. வலது காது கேளாது போயிற்று; குரல் மூக்கால் ஒலித்தது; பிறர் முன்னிலையில் உண்பதை அவர் தவிர்த்துவந்தார். முப்பதுக்கு மேற்பட்ட சஸ்திர சிகிச்சைகளைத் தாங்கி, 1939 செப்டம்பரில் லண்டனில் இறக்கும் வரை, பதினாறாண்டுகள் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆண்டுக் கணக்கு ஒன்றையே பார்ப்பவருக்கு இது மாபெரும் வெற்றி. அந்த ராட்சசனை நாள்தோறும் வாயில் ஏற்றி இறக்க உதவிய மகள் அன்னாவைக் கேட்டிருந்தால், வெற்றி என்ற சொல்லோடு வேறு பல சொற்களும் சேர்ந்து வந்திருக்கும்.

உயிரா, குரலா என்று நேருக்கு நேர் கேட்கும் துணிவு ஆராய்ச்சியாளருக்குப் பிறந்தது 1981இல். மக்நீல் என்பவரும் சகாக்களும் அமெரிக்காவில் ஆரோக்கியமான 37 பேரிடம், அதாவது தீயணைப்பு வீரர்களிடமும் கம்பெனி நிர்வாகிகளிடமும், இவ்வினாவை எழுப்பினர். குரல்வளையை எடுத்துவிட்டால் ஆயுள் நீளக் கூடும், கதிர்ச் சிகிச்சை செய்துகொண்டால் குரல் நிற்கும், ஆயுள் சற்றுக் குறையக் கூடும், எதை ஏற்பீர்கள்? ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் குரலுக்காக ஆயுளின் ஒரு பகுதியைக் கைவிடச் சித்தமாக இருந்தனர். நோயற்றவர் கற்பனையில் சொல்லும் விடைக்கும் நோயுற்றவர் சொல்லும் விடைக்கும் வேற்றுமை உண்டு. நோய் கண்டபின் கேட்டால் பெரும்பாலோர் முதலில் குணத்தையே வேண்டுகின்றனர். எனினும், வைத்தியர் ஒருவரே தீர்மானித்து வந்த விஷயத்தில் நோயாளிக்கும் ஒரு குரல் உண்டென்று அந்தச் சிறிய பரீட்சை காட்டிவிட்டது.

பத்தாண்டு கழித்து, 1991இல், அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் 332 பேரைக் கொண்டு நடத்திய பெரிய பரீட்சையின் முடிவு வெளியாயிற்று. முதலில் மருந்து, பிறகு கதிர் என்ற கிரமத்தில் சிகிச்சை பெற்றவர்களும், குரல்வளையை எடுத்துக்கொண்டவர்களும் இரண்டாண்டு முடிவில் ஒரே விகிதத்தில், நூற்றுக்கு 68 பேர், உயிரோடிருந்தனர். முதல் வகையினரில் 64 சதவீதத்தினருக்குக் குரல்வளையும் எஞ்சிற்று. அவயவத்தைக் காத்தல் என்பது அதுமுதல் ஒரு கொள்கையாகவே ஆகிவிட்டது. பிறகு கதிரையும் மருந்தையும் ஒரே சமயத்தில் கொடுக்கும் முறை முன்வந்தது. சென்னை அடையாற்றில் 1954இல் தோன்றிய புற்றுநோய் ஸ்தாபனத்தில் டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப் புற்றுக்குக் கதிரோடு பிளியோமைசின் மருந்தைச் சேர்த்துக் கொடுத்த அனுபவத்தை 1980இலேயே பிரசுரித்திருந்தார்கள் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

ஆனால் அவயவம் இருப்பது வேறு, அது தொழில் செய்வது வேறு. மூன்று பெரிய பரீட்சைகளில் கதிரும் மருந்தும் ஒருங்கே பெற்றவர்களைப் பின்தொடர்ந்து மக்டே குழுவினர் 2008இல் எழுதியபோது, கணக்கிடத்தக்க 230 பேரில் 43 சதவீதத்தினருக்குக் கடுமையான பிற்கால உபாதைகள் கண்டன. குரல்வளையைக் காக்கும் மூன்று முறைகளை ஒப்பிட்ட ஆர்.டி.ஓ.ஜி. 91-11 என்ற பரீட்சையின் பத்தாண்டு முடிவு 2013இல் வந்தபோது, கதிரும் மருந்தும் சேர்ந்த முறை குரல்வளையை மிக நன்றாகக் காத்ததென்பது உறுதியாயிற்று. அதே முறையில்தான் குரல்வளைப் புற்றையோ சிகிச்சையையோ நேரடிக் காரணமாகச் சொல்ல முடியாத மரணங்கள் 30.8 சதவீதமாக உயர்ந்து நின்றன. முதலில் மருந்து, பின்பு கதிர் என்ற முறையில் அது 20.8, கதிர் மட்டும் பெற்றவரிடையே 16.9. உணவு வழிதவறி நுரையீரலுக்குள் இறங்குவதைப் போன்ற, ஒருவரும் கவனியாத பிற்கால உபாதைகள் இதில் பங்கு கொண்டிருக்கலாமென்ற ஐயம் அன்று எழுந்தது. அந்த ஐயம் இன்னும் தீரவில்லை.

இனி, அந்த உபாதைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலிடம் வாய் வறட்சிக்குத்தான். நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் உமிழ்நீரைச் சுரக்கும் சுரப்பிகள் கதிரால் மிக எளிதில் பழுதுபடுபவை. நம் ஊரார் ‘கரண்ட் வைத்தல்’ என்று சொல்லும் சிகிச்சை நடக்கும் ஆறேழு வாரங்களிலேயே அவை ஓய்ந்துவிடுகின்றன. பல பேருக்கு அவை பழையபடி சுரப்பதேயில்லை. உமிழ்நீரின் அருமையை அதை இழந்தவரே அறிவர். காரம் நாக்கில் பட்டவுடன் நெருப்பாக எரிகிறது. தோசையும் சப்பாத்தியும் தொண்டையில் ஒட்டிக்கொள்கின்றன. வறுவல், முறுக்கு, பொரிகடலை எல்லாம் விலகிப்போக, குழையவிட்ட சோற்றில் நீர்த்த ரசமோ மோரோ ஊற்றிப் பிசைந்து, வாய்க்கொரு மிடறு தண்ணீர் குடித்து, நெடுநேரம் உட்கார்ந்து உண்ண வேண்டியதாகிறது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து வாயை நனைக்காமல் உறக்கம் தொடர்வதில்லை. நோயாளிக்குத் தனியாக, குடும்பத்துக்குத் தனியாக என்று இரண்டு சமையல் செய்யும் மனைவியின் சிரமமும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. எந்த ஆராய்ச்சிப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் இருப்பதாக நான் கண்டதில்லை.

இந்த விஷயத்தில் விஞ்ஞானம் மெய்யாகவே உதவியிருக்கிறது. கதிரின் செறிவை இடத்துக்கு இடம் கூட்டியும் குறைத்தும் செலுத்தி, காதடிச் சுரப்பிக்கு அது மிகாமல் தடுக்கும் ஐ.எம்.ஆர்.டி. என்ற முறையைப் பிரிட்டனில் 94 பேரிடம் பழைய முறையோடு ஒப்பிட்டனர். 2011இல் வெளியான முடிவின்படி, ஓராண்டு கழிந்தபோது குறிப்பிடத்தக்க வறட்சி பழைய முறையில் 74 சதவீதம், புதிய முறையில் 38 சதவீதம். இரண்டாண்டு கழிந்தபோது 83க்கு 29. வாழ்க்கைச் சுகத்தையே இலக்காகக் கொண்டு நடந்த பரீட்சைகளில் இவ்வளவு தெளிவான வெற்றி சிலவற்றுக்கே வாய்த்திருக்கிறது. அந்த முறையைக் கையாளவல்ல இயந்திரமும், அதைத் திட்டமிடும் பௌதிக நிபுணரும் எல்லா ஜில்லாத் தலைநகரிலும் கிடைக்கும் வரையில், ஏழை நோயாளிக்கு அந்த வெற்றி காகிதத்தில் உள்ளதேயாகும்.

வறட்சியைத் தொடர்ந்து வருவது பற்சிதைவு. உமிழ்நீரின் காவலின்றிப் பற்கள் ஈறோரம் கருத்து ஒடிகின்றன. அவற்றைப் பிடுங்கலாமென்றாலோ, கதிர்பட்ட தாடையெலும்பு இரத்தவோட்டம் குன்றியிருப்பதால் அந்தக் குழி ஆறாமல், எலும்பே செத்து வெளித்தெரியும் அபாயம் உண்டு. அழுத்தமிகுந்த பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்தால் இதைத் தடுக்கலாமென்று 1980களிலிருந்து நம்பி வந்தனர். 144 பேரைக் கொண்டு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் நடத்திய பரீட்சை 2019இல் வெளியானபோது, அதைப் பெற்றவரில் 6.4 சதவீதமும் பெறாதவரில் 5.7 சதவீதமும் எலும்புச் சாவுக்கு உள்ளாயினர் என்று கண்டு அந்த நம்பிக்கை தளர்ந்தது. ஆகவே, காப்பாற்ற முடியாத பற்களைக் கதிர் தொடங்குமுன் எடுத்துவிட்டு, எஞ்சியவற்றுக்கு ஆயுள் முழுவதும் ஃப்ளோரைடு பூசி வருவதே நம்பத்தக்க வழி. ஒரு பல் வைத்தியரின் ஒரு மணி நேரத்தில் முடியும் காரியம், அவசரத்திலும் அலட்சியத்திலும் விடுபட்டு, பத்தாண்டுத் துன்பமாக வளர்வதை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை.

வாய் திறக்க முடியாமை நம் நாட்டுக்கு இன்னும் விசேஷமானது. பாக்கு மெல்லும் பழக்கத்தால் கன்னத்தின் உட்புறம் நாராய் இறுகி, நோய் தோன்றுமுன்னரே இரண்டு விரல்கூட நுழையாத வாயோடு வருபவர் இங்கே பலர். அவர்களுக்குச் சஸ்திர சிகிச்சையும் கதிரும் சேர்ந்தால் இறுக்கம் இரட்டிக்கிறது. முன்பற்களுக்கிடையே 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் குறைபாடு என்பது பொதுவான அளவு. சிகிச்சையின்போதே தொடங்கி விடாமல் செய்யும் தாடைப் பயிற்சியே இதற்கு முக்கிய நிவாரணம்.

விழுங்குதல் இவையனைத்திலும் ஆழமான விஷயம். சிகிச்சை முடிந்து, உணவு செலுத்தும் மூக்குக் குழாயை எடுத்தபின், மாதக்கணக்கில் தேறி வந்த நோயாளி, எட்டாம் ஆண்டிலோ பத்தாம் ஆண்டிலோ மறுபடியும் விழுங்க முடியாமல் தவிப்பது எப்படியென்று வெகுகாலம் ஒருவருக்கும் புரியவில்லை. கதிர்பட்ட தசைகள் மெல்ல மெல்ல நாராகி இறுகுவதும், நாக்கையும் தொண்டையையும் இயக்கும் கபால நரம்புகள் காலந்தாழ்ந்து செயலிழப்பதுமே காரணம் என்பதை டெக்ஸாஸ் மாகாணத்தின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் ஹட்சசன் என்ற அம்மையாரும் சகாக்களும் செய்த ஆராய்ச்சிகள் விளக்கின. சிகிச்சைக் காலத்தில் குழாய் உணவையே நம்பித் தொண்டையை ஓய்வில் விட்டவர்களைவிட, வலியோடும் வாயால் உண்டு விழுங்கும் பயிற்சியும் செய்தவர்கள் பின்னாளில் சாதாரண உணவுக்குத் திரும்புவது அதிகம் என்பதும் அவர்களுடைய முடிபு. விழுங்கும் தசைகளுக்குக் கதிர் மிகாதபடி காக்கும் முறையைப் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 112 பேரிடம் சோதித்த பரீட்சை 2023இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் நோயாளிகள் தாமே கொடுத்த விழுங்கல் மதிப்பெண், பழைய முறையில் நூற்றுக்கு 70.6, புதிய முறையில் 77.7. ஏழு மதிப்பெண் என்றால் அற்பமாகத் தோன்றலாம். திரவ உணவிலேயே நின்றுவிட்டவர் இட்லிக்குத் திரும்புவது அந்த ஏழில்தான் இருக்கிறது என்று நான் எண்ணுகிறேன்.

கழுத்திலும் மோவாய்க்கடியிலும் நிணநீர் தேங்கி வீங்குதல், தைராய்டு மந்தமாதல், சிஸ்பிளாட்டின் மருந்தால் காது இரைந்து செவித்திறன் குறைதல், கழுத்து இரத்தக்குழாய் சுருங்கிப் பக்கவாதத்துக்கு வழிகோலுதல் முதலியவற்றை விரிக்க இடமில்லை. தைராய்டுக் குறைவைக் காலாகாலத்தில் ஓர் இரத்தப் பரிசோதனையால் கண்டு ஒரு மாத்திரையால் சரிசெய்துவிடலாம் என்பதை மட்டும் சொல்லிச் செல்கிறேன். காரணம் தெரியாத சோர்வோடு ஆண்டுக்கணக்கில் நடமாடுபவர் உண்டென்பதால் இதைச் சொன்னேன்.

இவ்வளவு துன்பம் உண்டென்றால் சிகிச்சையையே குறைத்துவிடலாமே என்று தோன்றும். அந்த எண்ணத்துக்கும் பரீட்சை நடந்திருக்கிறது. எச்.பி.வி. என்ற வைரஸால் மேனாடுகளில் பெருகிவரும் தொண்டைப் புற்று எளிதில் குணமாவது. பிழைப்போர் பலருக்கு முப்பதாண்டு ஜீவிதம் மீதமிருக்கிறது. ஆகையால் சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாக, சாதுவானதென்று கருதப்பட்ட செட்டுக்ஸிமாப் மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். 334 பேரிடம் நடந்த ஐரோப்பியப் பரீட்சையில் உபாதைகள் குறையவில்லை. இரண்டாண்டு உயிர்வாழ்வு மட்டும் 97.5 சதவீதத்திலிருந்து 89.4 ஆக இறங்கிற்று. நம் நாட்டிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில் டிக்ரூஸ் குழுவினர், வாயில் ஆரம்பநிலைப் புற்றுடையோர் 500 பேரை ஆராய்ந்து, கழுத்து முடிச்சுகளை முன்கூட்டியே எடுத்தவர்களில் 80 சதவீதத்தினரும், நோய் தென்பட்டபின் எடுத்தவர்களில் 67.5 சதவீதத்தினரும் மூன்றாண்டு முடிவில் உயிரோடிருந்ததை 2015இல் காட்டினர். தோள்வலிக்கு அஞ்சிக் கழுத்தைத் தொடாமல் விடுவது தயையாகாது என்பதே இதன் பொருள். சிகிச்சையைக் குறைக்கும் உரிமை, குறைத்தாலும் உயிருக்குக் குறைவில்லை என்று நிரூபித்தவருக்கே உண்டு. ஏனையோர் செய்யக்கூடியது, சிகிச்சைக்குப் பிந்திய பராமரிப்பைப் பெருக்குவதாகும்.

நோயாளியின் நிலையை அளக்க ஐரோப்பியர் வகுத்த 35 வினாக்களைக் கொண்ட படிவமும், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 1993இல் வெளியிட்ட சிறு படிவமும், விழுங்குதலுக்கென்றே 2001இல் தோன்றிய படிவமும் உலகெங்கும் வழங்குகின்றன. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. எனினும் அவற்றின் கூட்டெண் ஏமாற்றவும் கூடும். சிகிச்சையின்போது சரிந்த பொதுச் சுகம் ஓராண்டில் பழைய நிலையை எட்டிவிட்டதாகப் பல ஆராய்ச்சிகள் சொல்ல, வறட்சி, பல், வாய்திறப்பு ஆகியவை மட்டும் மீளாமலே இருக்கின்றன. மனிதன் தன் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு, குறைந்ததையே நிறைவென்று சொல்லப் பழகிக்கொள்கிறான் என்பதுதான் இதற்கு விளக்கம். லிவர்பூல் நகரின் சைமன் ராஜர்ஸ், எண்ணைக் கேட்பதை விட்டு, எதைப் பற்றிப் பேச விரும்புகிறீர்கள் என்று நோயாளியையே குறிக்கச் சொல்லும் பட்டியலை 2009இல் ஏற்படுத்தினார். வைத்தியர் கேட்க நினையாத அச்சம், சோர்வு, பண முடை, தாம்பத்தியம் முதலிய விஷயங்கள் அதனால் பேச்சுக்கு வந்தன.

மனத்தின் துன்பம் அவ்வாறு பேச்சுக்கு வராவிட்டால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்கக் கணக்கொன்று உண்டு: 2000 முதல் 2014 வரை, தலை, கழுத்துப் புற்றிலிருந்து பிழைத்தவர்களில் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 63.4 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். மற்றப் புற்றுகளிலிருந்து பிழைத்தவர்களிடையே அது 23.6. இதற்கு நேர்மாறான நற்செய்தியுமுண்டு. மனத்தளர்ச்சி தோன்றுமுன்பே எஸ்சிட்டலோபிராம் மாத்திரையைத் தொடங்கி 148 பேரிடம் செய்த பரீட்சையில், தளர்ச்சி கண்டோர் 24.6 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தனர். தாடையையும் குரலையும் இழந்து, குழாய் வழியே உணவு பெற்றுவந்த அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ராஜர் ஈபர்ட், தாம் ஏங்கியது உணவுக்காக அன்று, உடனிருந்து உண்பவர்களின் பேச்சுக்கும் சிரிப்புக்குமே என்று 2010இல் எழுதினார். கல்யாணப் பந்தியில் உட்காராமல், மொய் எழுதிவிட்டு முற்றத்தோடு திரும்பிவிடும் நம்மவர் பலருடைய மௌனத்துக்கும் அதுவே பொருள்.

நம் நாட்டில் இனி நடக்க வேண்டியதைப் பற்றி ஓர் உதாரணம் சொல்கிறேன். குரல்வளையை இழந்தவர், மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒரு சிறு வால்வைப் பொருத்திக்கொண்டு பேசலாமென்று புளோமும் சிங்கரும் 1980இல் காட்டினர். அந்த வால்வு சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. இறக்குமதிச் சரக்கின் விலை பல ஆயிரம் ரூபாய். மாற்றக் காசில்லாமல் மறுபடியும் ஊமையானவர் உண்டு. பெங்களூரின் டாக்டர் விஷால் ராவ், நண்பரொருவரோடு கூடி, ‘ஓம்’ என்ற பெயரில் 50 ரூபாய் விலையில் ஒரு வால்வைச் செய்தார். விலை என்ற தடை இவ்வாறு ஓரிடத்தில் தகர்ந்திருக்கிறது. அந்த வால்வைப் பொருத்தி, ஒழுகினால் மாற்றி, பேசக் கற்பித்து, அதே கையோடு விழுங்கலையும் தாடையையும் தோளையும் சோதிக்கும் பயிற்சியாளர் எல்லா ஜில்லா ஆஸ்பத்திரியிலும் ஒருவர் வேண்டும். ஐந்தாம் ஆண்டு முடிந்ததென்று சீட்டைக் கிழித்துவிடாமல், பத்தாம் ஆண்டிலும் பதினைந்தாம் ஆண்டிலும் அவரிடம் வந்து காட்டிக்கொள்ள நோயாளிக்குப் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் வேண்டும். சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கும் காப்பீட்டுத் திட்டங்களில் இவ்விரண்டுக்கும் ஒரு தலைப்பு ஏற்படுமானால், சஸ்திர சிகிச்சை ஒன்றுக்கு ஆகும் செலவில் பலருடைய பல ஆண்டுகளைத் தாங்கிவிடலாம்.